மூன்று கைகளில் ஒரு வால்ட்ஸ்

ஷோப்பின் பியானோவுக்கு எழுதிய வால்ட்ஸ்களில் ஒன்றுக்கு 'விடைபெறல்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஏ ஃப்ளாட் மேஜரில் அமைந்தது; பிரசுர வரிசையில் ஓபஸ் 69, முதல் எண். இந்தப் பெயர் ஷோப்பின் வைத்ததல்ல. 69 என்ற எண்ணும் அவர் இட்டதல்ல. அச்சில் வந்ததோ அவர் இறந்து ஆறு வருஷம் கழித்து, 1855-இல். அதுவும் அவருடைய கடைசி விருப்பத்துக்கு விரோதமாக. ஆனால் இசைத்தட்டின் உறையிலிருந்து கச்சேரிக் குறிப்பேடு வரை எங்கே பார்த்தாலும் முதலில் ஒரு காதல் கதை, அதன் பிறகுதான் இசை. கதையைக் கேட்டுவிட்டு உட்காருகிறவன் காதில் விழுவது கதைதான்.

கதை இது. 1835 செப்டம்பரில், இருபத்தைந்து வயது ஷோப்பின் டிரெஸ்டன் நகரத்தில் வோஜின்ஸ்கி குடும்பத்தைச் சந்திக்கிறார். அந்த வீட்டுப் பையன்கள் வார்ஸாவில் ஷோப்பினின் தகப்பனார் நடத்திய மாணவர் விடுதியில் இருந்து படித்தவர்கள். தங்கை மரியாவுக்கு இப்போது பதினாறு வயது. பியானோ வாசிக்கிறாள், சித்திரம் போடுகிறாள். சில நாட்களில் காதல். புறப்படுகிற அன்று இந்த வால்ட்ஸை எழுதி அவள் கையில் கொடுத்துவிட்டு வண்டி ஏறுகிறார். நடுப்பகுதியில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் சுரம், டிரெஸ்டன் மாதா கோயில் கடிகாரம் பதினொரு மணி அடிப்பது என்கிறார்கள். தொடர்ந்து வருவது கல் பாவிய தெருவில் வண்டிச் சக்கரம் உருளும் ஓசையாம். வால்ட்ஸின் மூன்று அட்சரத் தாளத்தில் குதிரைக் குளம்பு எப்படி விழுகிறது என்று யாரும் கேட்டதில்லை. 1886-இல் அந்தக் குடும்பத்துப் பிரபு ஒருவரே ஷோப்பினின் மூன்று காதல்களைப் பற்றிப் பாரிஸில் ஒரு புத்தகம் போட்டார். இம்மாதிரிக் கதைகளுக்கு அதற்குப் பிறகு ஆயுள் கெட்டி.

கையெழுத்துப் பிரதியில் டிரெஸ்டன் என்று இருக்கிறது, 1835 செப்டம்பர் என்று இருக்கிறது, 'மாத்மொஸேல் மரிக்கு' என்று இருக்கிறது. இவ்வளவும் உண்மை. ஆனால் அந்தச் செப்டம்பரில் யாரும் யாரையும் விட்டுப் பிரிந்துவிடவில்லை. அடுத்த கோடையில், 1836-இல், மரியன்பாத் ஊரில் மறுபடி சந்தித்தார்கள். அந்த வருஷம்தான் மரியா ஷோப்பினை நீர்வண்ணத்தில் வரைந்தாள். அங்கிருந்து டிரெஸ்டன் திரும்பிய பிறகு, செப்டம்பர் 9-ஆம் தேதி அந்தி நேரத்தில், ஷோப்பின் கல்யாணப் பேச்சை எடுத்தார். மறுப்பு இல்லை. தாயார் மட்டும், விஷயம் ரகசியமாக இருக்கட்டும், நீ உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதினாள். சீக்கிரம் படு, காலுக்குக் கம்பளி உறை போட்டுக்கொள் என்ற ரீதியில். மாப்பிள்ளையின் மார்ச்சளிதான் அவர்களுடைய கவலை. 1837-இல் கடிதங்கள் மெலிந்து நின்றுபோயின. அந்தக் கடிதங்களை ஒரு கட்டாகக் கட்டி, மேலே போலிஷ் மொழியில் 'என் துயரம்' என்று இரண்டே வார்த்தை எழுதி வைத்திருந்தார் ஷோப்பின். அவர் இறந்த பிறகு கட்டு கிடைத்தது.

அதாவது, 1837-இன் துக்கத்தை எடுத்து 1835-இன் வால்ட்ஸுக்குள் வைத்திருக்கிறார்கள். அதை எழுதிய கைக்குத் தெரியாத ஒரு முடிவு, நமக்குத் தெரிந்திருக்கிற ஒரே காரணத்தால், அந்தச் சுரங்களின் அர்த்தமாகிவிட்டது. இலக்கியத்திலும் இந்த நோய் உண்டு. தற்கொலை செய்துகொண்ட கவிஞனின் பள்ளிக்கூட நோட்டிலேயே மரணத்தின் நிழலைக் கண்டுபிடிக்கிறவர்களை நாம் அறிவோம்.

இன்னொரு விஷயம். இதே வால்ட்ஸை ஷோப்பின் 1837-இல் மறுபடி தன் கையால் எழுதி, டஸ்கனி ராஜ்யத்துத் தூதரின் மனைவி எலிஸா பெரூஸ்ஸிக்குக் கொடுத்திருக்கிறார். மரியாவின் கடிதங்கள் நின்ற வருஷம் அது. 1842-இல் மூன்றாம் முறை எழுதித் தன் மாணவி ஷார்லொத் த ரோத்ஷீல்டுக்குக் கொடுத்தார். அந்த வருஷம் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். மூன்று பிரதிகளும் மூன்று பெண்களுக்கு, மூன்று வெவ்வேறு வணக்கங்களோடு. தன் முறிந்த காதலின் ரகசியச் சின்னத்தை ஒருவன் தூதர் மனைவிக்கும் வங்கி முதலாளியின் மகளுக்கும் நகலெடுத்துத் தருவானா? தருவான் என்று வாதாடலாம். ஆனால் அப்படி வாதாடுகிறவர் அதைக் காதலின் சின்னம் என்று சொல்வதையாவது விட வேண்டும்.

அப்படியானால் அது என்ன? இதற்குப் பதில் காதலில் இல்லை. அந்தக் காலத்தில் வால்ட்ஸ் என்பது என்ன சரக்காக இருந்தது என்பதில் இருக்கிறது.

ஆணும் பெண்ணும் அணைத்தபடி சுழலும் இந்த ஆட்டம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிராமத்திலிருந்து நகரத்துக்கு ஏறியது. 1816-இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகை இதன் ஆபாசத்தைக் கண்டித்துத் தலையங்கம் எழுதிற்று. இருபது வருஷத்தில் கண்டித்தவர்களின் வீட்டுப் பெண்களே பியானோவில் வால்ட்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பியானோ மத்தியதர வீட்டுச் சாமானாகிவிட்டது. அதன் மேல் வைக்க அச்சிட்ட தாள் வேண்டும். 1830 நவம்பரில் வியன்னா வந்து எட்டு மாதம் தங்கிய ஷோப்பின் இந்த வியாபாரத்தை நேரில் கண்டார். அவர் போன சில நாட்களில் வார்ஸாவில் ருஷ்யாவுக்கு எதிரான எழுச்சி வெடித்தது; வியன்னாவிலோ லான்னரும் ஷ்ட்ரௌஸும் ஊரைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். பிரசுரகர்த்தர் ஹாஸ்லிங்கர் ஷ்ட்ரௌஸை அச்சிட்ட வேகத்தில் ஷோப்பினைக் கிடப்பில் போட்டார். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் ஷோப்பின் எரிச்சல்படுகிறார்: இங்கே வால்ட்ஸுக்கும் படைப்பு என்றுதான் பெயராம். தனக்கு வியன்னா வால்ட்ஸ் வாசிக்கவே வரவில்லை என்றும் பிறகு ஒப்புக்கொள்கிறார்.

பாரிஸ் வந்தபின் அவரே வால்ட்ஸ் விற்றார். 1834-இல் ஓபஸ் 18, 1838-இல் ஓபஸ் 34 மூன்று, 1840-இல் ஓபஸ் 42, 1847-இல் ஓபஸ் 64 மூன்று. ஆக வாழ்நாளில் எட்டு. பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெளியாகும். மூன்று இடத்திலும் பணம். பொதுக் கச்சேரி அவருக்குப் பிடிக்காது. வாழ்நாள் முழுவதும் சேர்த்துச் சுமார் முப்பதுதான் செய்திருப்பார். பிழைப்பு, பிரபுக்கள் வீட்டுப் பெண்களுக்கு இருபது பிராங்க் வீதம் சொல்லிக்கொடுத்த பாடத்தில். மீதி, அச்சில்.

அச்சுக்குப் போகாத வால்ட்ஸ்களும் ஏறக்குறைய அதே அளவு அவரிடம் இருந்தன. அவற்றைக் கையால் எழுதிக் கொடுத்தார். அன்று பாரிஸில் மதிப்புள்ள வீட்டுப் பெண்ணிடம் ஒரு ஆல்பம் இருக்கும். கவி வந்தால் ஒரு செய்யுள், ஓவியன் வந்தால் ஒரு கோட்டுச் சித்திரம், இசைஞன் வந்தால் ஒரு பக்கம் சுரம். இன்றைக்கு ஆட்டோகிராப் நோட்டு மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது. முழுமையான படைப்புகள் இப்படிக் கைமாறின. எஃப் மைனரில் ஒரு வால்ட்ஸ், பின்னாளில் ஓபஸ் 70-இல் இரண்டாவதாகச் சேர்க்கப்பட்டது, குறைந்தது ஐந்து பேருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒருவர் பெல்வில்-ஊரி அம்மையார், அந்தக் காலத்தில் பெயர் பெற்ற பியானோக் கலைஞர். 1842 டிசம்பரில் ஷோப்பின் அவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. உங்களுக்காக எழுதிய அந்தச் சின்ன வால்ட்ஸை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அது பொதுவில் வர எனக்கு இஷ்டமில்லை என்ற கருத்தில். 'உங்களுக்காக எழுதிய' என்பது அவர்கள் ஐந்து பேருக்கும் பொருந்தும். இதைப் பசப்பு என்று சிரித்துவிட்டுப் போகலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஐந்து பேருக்குக் கொடுத்தும், ஊருக்குக் கொடுக்க மறுக்கிறார் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். முந்நூறு பிரதி அடித்து, அதிலும் பாதியைத் தெரிந்தவர்களுக்குத் தபாலில் அனுப்பும் பத்திரிகைக்காரர்களுக்கு இது விளங்காமல் போகாது.

மெல்லிய துக்கம் தோய்ந்ததெல்லாம் ஆல்பத்துக்கு, பளபளப்பானதெல்லாம் கடைக்கு என்று பிரித்துவிட முடியுமா? முடியாது. ஓபஸ் 34-இன் இரண்டாவது வால்ட்ஸ் ஏ மைனரில் மிக மெதுவாக நகர்வது, இருண்டது. அதை அவரே விற்றார். இன்னும் நெருக்கமான ஒரு சாட்சியம் இருக்கிறது. 1835-இல் டிரெஸ்டனுக்கு வருமுன் ஷோப்பின் கார்ல்ஸ்பாதில் தன் தாய் தகப்பனாரைச் சந்தித்தார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அந்தச் சந்திப்பு. மூவரும் ஒன்றாகப் பயணம் செய்து, டெட்ஷன் கோட்டையில் தூன் பிரபுவின் விருந்தினராகத் தங்கினார்கள். செப்டம்பர் நடுவில் பெற்றோர் வார்ஸாவுக்குத் திரும்பினார்கள். ஷோப்பின் அவர்களை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. தகப்பனார் 1844-இல் இறந்தார். தாயார் மகனுக்குப் பிறகும் பன்னிரண்டு வருஷம் உயிரோடு இருந்தும் மகன் முகத்தைக் காணவில்லை. 'விடைபெறல்' என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது அந்தக் கோட்டை வாசலில் நடந்தது.

அந்த நாட்களில் அதே கோட்டையில், தூன் வீட்டுப் பெண்களின் ஆல்பத்தில், ஷோப்பின் ஒரு வால்ட்ஸ் எழுதினார். தேதி 1835 செப்டம்பர் 15. அதுவும் ஏ ஃப்ளாட் மேஜர்தான். அதை 1838-இல் தூன் பெண்களில் ஒருத்திக்குச் சமர்ப்பித்து ஓபஸ் 34-இன் முதல் வால்ட்ஸாக வெளியிட்டார். எக்காளம் முழங்குவதுபோல் தொடங்கி, கூடத்தின் சரவிளக்குகள் எல்லாம் எரிகிற மாதிரிச் சுழன்று, நீண்ட முடிப்போடு அடங்குகிற வால்ட்ஸ் அது. அசல் பிரிவின் பக்கத்தில் இருப்பது குதூகலம். பிரிவே இல்லாத டிரெஸ்டன் நாட்களின் பக்கத்தில் இருப்பது சோகம். தேதி போட்ட பிரதி அதைப் படியெடுத்த நாளைத்தான் சொல்லும், மனசில் உருவான நாளைச் சொல்லாது என்பதும் இங்கே ஞாபகம் இருக்க வேண்டும். டெட்ஷனுக்கு இது பொருந்தினால் டிரெஸ்டனுக்கும் பொருந்தும். வாழ்க்கைச் சரித்திரத்தை வைத்துக்கொண்டு இசையைத் திறக்க வருகிறவர்கள் இந்த இரண்டு வால்ட்ஸுகளுக்கும் நடுவில் சாவியைத் தொலைத்துவிடுகிறார்கள்.

டிரெஸ்டன் வால்ட்ஸுக்கு முன்னுரை கிடையாது. கதவைத் தட்டாமல் உள்ளே வருவதுபோல் ராகம் நேராகத் தொடங்கிவிடுகிறது. அரைச்சுரம் அரைச்சுரமாக நழுவிக் கீழே இறங்கும் வரி. இடது கை வால்ட்ஸின் கடமையைச் செய்கிறது: முதல் அட்சரத்தில் கீழ்ச்சுரம், அடுத்த இரண்டில் மெல்லிய கூட்டொலி. இடது கை நடத்துனர் மாதிரி, அது தாளம் தவறக் கூடாது, வலது கை இஷ்டம்போல் தயங்கலாம், முந்தலாம் என்று ஷோப்பின் மாணவர்களுக்குச் சொல்லுவாராம். இந்த வால்ட்ஸில் தயங்குவதற்கான இடங்கள் அதிகம். இறங்கும் வரியின் முடிவு ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தயக்கம். ஆனால் தயக்கம் வேறு, அழுகை வேறு. முதல் ராகம் ஒவ்வொரு கிளைப்பகுதிக்குப் பிறகும் மறுபடி வருகிறது; நடுவில் சற்று உற்சாகமாகப் போய்விட்டும் வருகிறது; எல்லாம் ஆன பிறகும் வருகிறது. இத்தனை தடவை திரும்பி வருகிறவனை விடைபெறுகிறவன் என்று எப்படிச் சொல்வது? கடைசியில் தனி முடிப்பு என்று எதுவும் சேர்க்காமல், அந்த ராகம் எங்கே முடியுமோ அங்கே நின்றுவிடுகிறது. ஆடுவதற்கு உகந்ததல்ல. கூடத்தில் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் கேட்காது. நல்ல கைகளில், முக்கியமாகக் கதை தெரியாத நல்ல கைகளில், இது ஒரு பேச்சின் நடுவில் ஆள் நினைவுக்கு வந்து மறுபடி பேச்சைத் தொடருவது போலிருக்கும்.

1849 அக்டோபர் 17-இல் ஷோப்பின் பாரிஸில் இறந்தார். முடிவடையாத, பிரசுரமாகாத தாள்களை எரித்துவிடும்படி பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டார். சகோதரி லுத்விகா கூட இருந்தாள். எரிக்கவில்லை. இங்கே ஜூலியன் ஃபொந்தானா வருகிறார். வார்ஸாவில் கூடப் படித்தவர். பாரிஸில் ஷோப்பினின் பிரதிகளைப் படியெடுத்துத் தந்தவர். ஷோப்பின் ஊரில் இல்லாதபோது வீடு பார், சுவருக்குக் காகிதம் தேர்ந்தெடு, தொப்பி வாங்கு, கால்சட்டைக்கு அளவு சொல் என்று கடிதம் கடிதமாக வரும் ஏவல்களை எல்லாம் செய்தவர். தானும் இசை எழுதினார், யாரும் கவனிக்கவில்லை. 1844-இல் க்யூபாவுக்குப் போனார், பிறகு ந்யூயார்க். நண்பன் செத்தபோது கடல் கடந்து இருந்தார். திரும்பி வந்து, குடும்பத்தின் சம்மதத்தோடு, கிடைத்த பிரதிகளைத் தொகுத்து ஓபஸ் 66 முதல் 73 வரை தாமே எண்ணிட்டு 1855-இல் பாரிஸிலும் பெர்லினிலும் வெளியிட்டார். இவற்றை எழுதியவரே வாசிக்கக் கேட்டிருக்கிறேன் என்று முன்னுரையில் உரிமை கோரினார். 1829-இல் வார்ஸாவில் எழுதிய பி மைனர் வால்ட்ஸையும் 1835-இன் வால்ட்ஸையும் ஒரு எண்ணுக்குள் ஜோடி சேர்த்தவர் அவர்தான். 1869-இல் வறுமையும் நோயுமாகத் தன்னை மாய்த்துக்கொண்டார். அவர்மேல் கோபப்படுவது எளிதல்ல.

காப்கா எரிக்கச் சொன்னதை மாக்ஸ் ப்ராட் எரிக்காமல் அச்சிட்டது போலத்தான் இதுவும் என்று சமாதானம் சொல்லுவார்கள். போலத்தான் இல்லை. ப்ராட் எரித்திருந்தால் 'விசாரணை' நாவல் போயிருக்கும். ஃபொந்தானா எரித்திருந்தாலும் இந்த வால்ட்ஸ் போயிருக்காது. அது ஏற்கெனவே மூன்று வீடுகளின் பெட்டிகளில் இருந்தது. ஷோப்பினின் கட்டளை எட்டக்கூடியது அவர் மேஜை வரைக்கும்தான். கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். ஆகவே ஃபொந்தானா காப்பாற்றினார் என்று இந்த வால்ட்ஸைப் பொறுத்தவரை சொல்வதற்கில்லை. அவர் செய்தது வேறு: மூன்று வடிவங்களில் உலவியதற்கு ஒரே வடிவம் கொடுத்துவிட்டார். கையெழுத்துப் பிரதிகள் அட்சரத்துக்கு அட்சரம் ஒன்றல்ல. ஒவ்வொரு முறையும் ஷோப்பின் புதிதாகவே எழுதியிருக்கிறார். வளைகோடுகள், அழுத்தக் குறிகள், சில இடங்களில் சுரங்களே மாறுகின்றன. ஃபொந்தானாவின் பாடம் இவற்றிலிருந்தும் விலகிப் போகிறது. நூறு வருஷத்துக்கு மேல் பியானோ படித்த குழந்தைகள் எல்லாம் வாசித்தது ஃபொந்தானாவை. ஓபஸ் 66 என்று அவர் அச்சிட்ட புகழ்பெற்ற ஃபான்டஸி இம்ப்ராம்ப்ட்யூவுக்கும் இதே கதிதான். 1960-இல் ஆர்தர் ரூபின்ஸ்டைன் பாரிஸில் ஒரு பிரபுப் பெண்மணியின் ஆல்பத்தில் 1835 என்று தேதியிட்ட ஷோப்பின் கையெழுத்தைக் கண்டெடுத்தபோதுதான், உலகம் வாசித்துக்கொண்டிருந்தது வேறு பாடம் என்று தெரிந்தது. இன்றைய பதிப்புகள் பரவாயில்லை. ஜெர்மானிய ஹென்லே பதிப்பு நம் வால்ட்ஸின் இரண்டு பாடங்களையும் தனித்தனியே அச்சிடுகிறது. யான் எகியேர் தலைமையில் உருவான போலந்து தேசியப் பதிப்பு, ஷோப்பின் தாமே வெளியிட்டவற்றை ஒரு வரிசையாகவும் மற்றவற்றை இன்னொரு வரிசையாகவும் பிரித்தே வைத்துவிட்டது. எண்களை வைத்துக்கொண்டு இனி யாரும் இரண்டையும் குழப்ப முடியாது.

எரியாமல் இருக்க வேண்டியது எரிந்ததும் உண்டு. 1863 செப்டம்பரில் வார்ஸாவில் ருஷ்ய கவர்னர்மேல் குண்டு வீசப்பட்டது. பழிக்கு, அது வீசப்பட்ட மாளிகைக்குள் சிப்பாய்கள் புகுந்து சாமான்களைத் தெருவில் கொட்டித் தீ வைத்தார்கள். இன்னொரு சகோதரி இஸபெல்லா அங்கே குடியிருந்தாள். ஷோப்பின் இளமையில் வாசித்த பியானோ ஜன்னல் வழியே வந்து விழுந்தது. அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் பெரும்பகுதி அந்த நெருப்பில் போயிற்று. அவற்றை எரிக்கச் சொல்லி அவர் யாரையும் கேட்கவில்லை. அந்தக் கடிதங்கள் இருந்திருந்தால் டிரெஸ்டனைப் பற்றி நமக்கு இன்னும் தெரிந்திருக்கலாம். கதை இன்னும் பெரிதாக வளர்ந்திருக்கவும் கூடும்.

மரியா வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டாள். அது முறிந்து மறுமணம். 1896 வரை இருந்தாள். விடைபெறல் என்ற பெயரை அவள்தான் வைத்தாள் என்பார்கள். வைத்திருந்தால் அது அவளுடைய உரிமை. ஒரு பிரதி அவள் கையில் கொடுக்கப்பட்டது, அதை அவள் எப்படி வேண்டுமானாலும் அழைக்கலாம். மற்ற இரண்டு பிரதிகளுக்கு உரியவர்கள் எப்படி அழைத்தார்கள்? நம் அகப்பாட்டு மரபில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக் கூடாது என்று இலக்கணம் வகுத்தவன் ஊர்வாய்க்குப் பயந்து வகுத்திருக்க மாட்டான். பெயர் வந்துவிட்டால் பாட்டு அந்த இருவருடையதாகச் சுருங்கிவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

2024-இல் ந்யூயார்க்கின் மார்கன் நூலகச் சேகரிப்பில், அதுவரை யாரும் அறியாத ஒரு வால்ட்ஸ் அகப்பட்டது. பத்து சென்டிமீட்டருக்குப் பதின்மூன்று அளவில் ஓர் அட்டை. ஏ மைனர், இருபத்து நான்கே பகுதிகள், திருப்பி வாசித்தால் நாற்பத்தெட்டு. தாளும் மையும் எழுத்தின் சுழியும் 1830-களின் முன்பாதியில் ஷோப்பின் கையைக் காட்டுகின்றன என்று அதைப் பரிசோதித்தவர்கள் கருதுகிறார்கள். பாணியைக் கேட்டுச் சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. தொடக்கம் மென்மையாக இல்லை. சில அடிகளுக்குள் உச்ச பலத்தில் ஒரு வெடிப்பு, ஷோப்பினுக்கு அபூர்வமானது. பரிசாகக் கொடுக்கும் அளவுள்ள அட்டைதான். ஆனால் யாருக்கு என்று சமர்ப்பணம் இல்லை, தேதி இல்லை, ஊர் இல்லை, கையொப்பம் இல்லை. மேலே 'ஷோப்பின்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. அது வேறொருவர் கையெழுத்து.